வாத்தின் வயிற்றில் மெட்ராஸ்

முப்பது வாத்துகள் எனக்கு எதிரே தண்ணீரில் போய்க்கொண்டிருந்தன.

எர்ணாகுளத்தில் கல்லூரி விட்டு மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகில் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டு இரண்டாம் நாள். காயல் முழுக்க வெயில். பக்கத்தில் தெரேசா, வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியாமல், மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தில் ஒட்டியிருந்த கப்பைக் கிழங்கை வழித்துக்கொண்டிருந்தாள்.

எதிரே ஒரு பெரிய வள்ளம் வந்தது. வள்ளம் நிறைய மிளகு மூட்டை. ஒவ்வொரு மூட்டையின் வயிற்றிலும் கறுப்பு மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு வாத்து.

"ஏடி சுபைதா, அது நின்டெ வாத்தல்லே?" என்றாள் தெரேசா, விரலைச் சப்பிக்கொண்டே.

என் வாத்துதான். அதாவது, என் அத்தாவின் வாத்து. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். குடோனில் மொத்தம் எண்பது மூட்டை இருந்தது. அந்த எண்பதில் ஏதோ ஒன்றின் வயிற்றுக்குள் ஒரு சின்னத் தகர டப்பி. டப்பிக்குள் இன்னும் கழுவாத பிலிம் ரோல். அந்த ரோலில் பன்னிரண்டு பெண்கள் பார்த்துவிட்டு வந்த மெட்ராஸ் முழுவதும் இருந்தது.

நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. "சேட்டா, வாத்தைத் திருப்புங்கோ!" என்று கத்தியதாகத் தெரேசா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். வள்ளக்காரர் துடுப்பை நிறுத்தாமலே எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார். படகில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மயில் கேட்டவருக்கு வாத்து

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வாசகர்கள் ஒரே விஷயத்தைக் கேட்டு எழுதுகிறார்கள். "அம்மா, உங்கள் கல்லூரிக் காலத்துப் படம் ஒன்றைப் போடக் கூடாதா?" என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதில் என் முகம் கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் இந்த வாரம்.

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தா மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு வியாபாரம். எங்களுடையது பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அத்தாவுக்கு வியாபாரம் உண்டு, தொழுகை உண்டு, பிடிவாதம் உண்டு. இந்த மூன்றில் எதையும் அவர் ஒரு நாளும் விட்டதில்லை.

தன் மூட்டைக்கு ஒரு மார்க் வேண்டும் என்று ஆசைப்பட்டு, தகரத்தில் அச்சு வெட்டுகிறவரிடம் மயில் கேட்டார். வெட்டுகிறவருக்குத் தோகை வரவில்லை. கழுத்து குறுகி, வால் உதிர்ந்து, மயில் வாத்தாகிவிட்டது. "அடுத்த தடவை மயிலா மாத்திக்கலாம்" என்று அத்தா சொன்னார். அதற்குள் பஜாரே அவரை வாத்து ராவுத்தர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது. மார்க்கை மாற்றினால் தோற்றதாகிவிடும் என்று வாத்தையே வைத்துக்கொண்டார். சொன்னேனே, பிடிவாதம்.

இப்படிப்பட்டவர் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதே பெரிய விஷயம். மெட்ராஸுக்கு எக்ஸ்கர்ஷன் என்றதும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

"போயிட்டு வா. ஆனா போட்டோவுக்கு நிக்கப்படாது. நின்னேன்னு தெரிஞ்சா, காலேஜு அன்னைக்கோட முடிஞ்சுது. கேட்டியா?"

இதற்கு ஒரு காரணம் இருந்தது. என் பெரியப்பா மகளைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கு அவள் போட்டோவைக் கொடுத்திருந்தார்கள். அது கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போய், கடைசியில் ஒரு சலூன் கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்ததை அத்தாவே முடி வெட்டப் போன இடத்தில் பார்த்தார். பாதி முடியோடு எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேமரா என்ற வார்த்தையையே யாரும் எடுப்பதில்லை.

ஆளுக்கு ஒன்று

கேமரா தெரேசாவின் அண்ணனுடையது. கறுப்புப் பெட்டி. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். நாங்களும் பன்னிரண்டு பேர். ரயில் ஷொரணூரைத் தாண்டுவதற்குள் சட்டம் போட்டாகிவிட்டது. ஆளுக்கு ஒரு படம். எதை எடுப்பது என்பது அவரவர் இஷ்டம். ஒருத்தி தேர்ந்தெடுத்ததை இன்னொருத்தி கேலி செய்யலாம், தடுக்கக் கூடாது.

தெரேசாவின் அண்ணன் எங்களுக்கு இரண்டே பாடம் சொல்லி அனுப்பியிருந்தான். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எடுத்து முடித்த ரோலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு பெண்களிடம் ஆளுக்கு ஒரு படம் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும் குணம். ஒருத்தி மெரினாவுக்குப் போய் அலையை எடுத்தாள். கொச்சியில் பிறந்து, தினமும் படகில் போய்வருகிறவள், நானூறு மைல் ரயிலில் போய்த் தண்ணீரை எடுத்தாள்! இன்னொருத்தி மாமல்லபுரத்துக் கல் யானையை எடுக்கப் போய், குறுக்கே வந்த ஆட்டை எடுத்தாள். எங்களோடு வந்த சாரதா டீச்சர் இரண்டு கையிலும் எங்கள் பைகளைச் சுமந்துகொண்டு தூங்கிப்போனதை ஒருத்தி எடுத்தாள். தெரேசா தன் பங்குக்கு எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தாள். நான் அத்தாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, கேமராவுக்குப் பின்னால் நின்று பொத்தானை அமுக்கினேன். அதனால் எல்லோரும் இருக்கும் படத்தில் நான் இல்லை.

மெட்ராஸில் எனக்கு வேறு ஒரு அவமானம் காத்திருந்தது. "சுபைதா தமிழ்க்காரி, அவள் பேசிக்கொள்வாள்" என்று என் பின்னால் பதினோரு பேரும் டீச்சரும் திரண்டு நின்றார்கள். ஓட்டலில் நான் நல்ல தமிழில், "சேட்டா, பதிமூணு சாயா, ஒண்ணுல மதுரம் வேண்டா" என்றேன். பரிமாறுகிறவர் உள்ளே திரும்பி, "யாருக்காவது மலையாளம் தெரியுமாப்பா?" என்று குரல் கொடுத்தார். தெரேசா சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது.

மெட்ராஸில் ஒரு வாத்து

கடைசி நாள் வரை என் படத்தை நான் எடுக்கவில்லை. எதைப் பார்த்தாலும், இதைவிட நல்லது வந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றும். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம். மொத்தக் கடைகள் நிறைந்த ஒரு தெருவில் வளையல் வாங்கப் புகுந்தோம். மஞ்சள், மிளகாய், பெருங்காயம் எல்லாம் கலந்து மூக்கில் ஏறியது. எனக்கு வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

அப்போது பார்த்தேன். ஒரு மிளகுக் கடையின் வாசலில், முழு வெயிலில், ஒரு மூட்டை. அதன் வயிற்றில் வட்டத்துக்குள் வாத்து.

"வாத்து!" என்று கத்தினேன். தோழிகள் உயிருள்ள வாத்தைத் தேடிக் குனிந்து பார்த்தார்கள்.

கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா?"

"இந்த மார்க்கு... நல்ல மொளகுதானா?"

"வாத்து மார்க்கா? கண்ண மூடினு வாங்கலாம். ஈரம்னா இன்னான்னே தெரியாது அதுக்கு" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தா பாலக்காட்டுக்கு வடக்கே போனதில்லை. அவருடைய மூட்டை இவ்வளவு தூரம் வந்து, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் நல்ல பெயர் வாங்கி உட்கார்ந்திருக்கிறது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, பெட்டியை வயிற்றோடு அணைத்து, மூச்சைப் பிடித்துப் பொத்தானை அமுக்கினேன். பன்னிரண்டாவது படம். ரோல் முடிந்தது.

அந்தக் கடைக்காரர் சொன்னதை அத்தாவிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று ரயில் முழுக்கத் துடித்தேன். சொன்னால், கடையில் உனக்கென்ன வேலை என்பார். அங்கே தொட்டு, கதை கேமராவில் போய் முடியும். வாயை மூடிக்கொண்டேன்.

காய்ந்த இடம்

ஊர் திரும்பினால் பேய்மழை. எங்கள் நம்பிக்கைக்குரிய ஸ்டுடியோ எர்ணாகுளம் பிராட்வேயில் இருந்தது. பெண்கள் படத்தைக் கண்ணாடி அலமாரியில் மாட்டி வைக்காத ஒரே ஸ்டுடியோ அதுதான். அதன் உரிமையாளர் மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். பத்து நாள் பூட்டு.

அதுவரை ரோலை எங்கே வைப்பது? தெரேசாவின் வீடு ஃபோர்ட் கொச்சியில் கடலை ஒட்டி. அங்கே செருப்பில்கூடப் பூஞ்சை பூத்திருந்தது. மற்றவர்கள் வீட்டிலும் அதே கதி. அப்போதுதான் என் மிளகு ரத்தம் பேசியது.

"மட்டாஞ்சேரியிலேயே ரொம்பக் காஞ்ச இடம் எது தெரியுமா?" என்று கேட்டேன். "எங்க அத்தாவோட மொளகு மூட்டை."

பதினோரு பேரும் என்னை அறிவாளி என்றார்கள். நானும் நம்பினேன். குடோனின் கோடி மூலையில் எண்பது மூட்டைகள் பல மாதமாக அசையாமல் கிடந்தன. விலை ஏறட்டும் என்று அத்தா அடைகாத்துக்கொண்டிருந்த சரக்கு. ஞாயிற்றுக்கிழமை, அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, அவர் தொழப் போன நேரம் பார்த்து, சுவரோரம் இருந்த ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, முழங்கைவரை கையை விட்டு டப்பியைப் புதைத்தேன். பிறகு கோணி ஊசியால் தைத்தேன். மூட்டை தைப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. குடோன் மேஸ்திரி மம்மது காக்கா தைத்ததற்கும் நான் தைத்ததற்கும் யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் கர்வம்தான் என் கழுத்தை அறுத்தது. ஐந்தாம் நாள் மிளகு விலை ஏறியது.

நான் சொன்ன பொய்

படகு துறையில் ஒட்டுவதற்குள் குதித்தோம். முக்காடு ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம். குடோனுக்குள் ஓடி நுழைந்தபோது மீதி ஐம்பது மூட்டையும் பின்பக்கத் துறைக்குக் கிளம்பத் தயாராக இருந்தன. அத்தா, மம்மது காக்கா, சரக்கை வாங்கிய சேட்டுவின் ஆளான நாயர். தரம் பார்ப்பது நாயர் வேலை. அங்கங்கே நாலு மூட்டையைக் குத்தூசியால் குத்தி, குழாய் வழியாக உள்ளங்கையில் விழும் மிளகைப் பார்த்து, ஒன்றைக் கடித்து, தலையசைத்துவிட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு இப்படி ஓடி வர்றே புள்ளே?" என்றார் அத்தா.

உண்மையைச் சொன்னால் என் கல்லூரி போகும். சொல்லாவிட்டால் பதினோரு பேரின் படம் கப்பலேறும். கப்பல் எந்தச் சீமைக்கோ! தெரேசா என் முழங்கையைக் கிள்ளினாள். எல்லா மூட்டையையும் குத்திப் பார்க்க வைக்க ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது.

"அத்தா, அந்த மூலை மூட்டையில... ஈரம் பட்டிருக்கு. நான் பாத்தேன்."

மிளகு பஜாரில் ஈரம் என்பது, கல்யாண வீட்டில் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணமாகிவிட்டது என்று சொல்வதுபோல. சுமக்கிறவர்கள் மூட்டையோடு அப்படியே நின்றார்கள். நாயர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். அத்தா என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் நேராக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எங்கெ?" என்றார் மெல்ல.

"தெரியல. ஏதோ ஒரு மூட்டை."

நாயர் எழுந்தார். "ராவுத்தரே, தப்பா நினைக்கண்டா. எண்பதும் குத்தணும்."

"குத்துங்க" என்றார் அத்தா. "போன வள்ளத்தையும் திருப்பச் சொல்லுங்க."

டணக்

நாயரும் மம்மது காக்காவும் ஆளுக்கொரு குத்தூசியோடு இறங்கினார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் மூன்று இடம். அடைத்த குடோனில் மிளகுத் தூசி எழும்பியது. முதல் தும்மல் தெரேசாவுடையது. அடுத்து நாயர். பிறகு வரிசையாக எல்லோரும். சுமக்கிறவர்கள் தும்முகிறார்கள், கணக்கப்பிள்ளை தும்முகிறார், குத்தூசி பிடித்த கை தும்மலில் தவறி மூட்டைக்குப் பதிலாகத் தூணைக் குத்துகிறது. தெரேசா தன் தும்மலை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்றில் எண்ணிக்கை மறந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே தும்ம முடியாது என்பதை அன்றுதான் கண்டோம். எனக்கும் சிரிப்பு பீறிட்டது. அத்தாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அங்கே தும்மாமல் நின்றவர் அவர் ஒருவர்தான்.

ஐம்பது மூட்டையும் முடிந்தது. சல்லென்று காய்ந்த மிளகு. டப்பி இல்லை.

பின்னாலேயே சின்னத் தோணியில் ஆள் விரட்டிப் போய்த் திருப்பிய வள்ளம் துறைக்கு வந்தது. எனக்குக் கையாட்டிய அதே வள்ளக்காரர், "வாத்து திரும்பி வந்து, மோளே" என்று சிரித்தார். நாயர் வள்ளத்தில் இறங்கினார். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. இருபத்திரண்டாவது மூட்டையில் குத்தூசி நின்றது.

டணக்.

மம்மது காக்கா மூட்டையின் வாயைப் பிரித்தார். "இது என்டெ தையல்தானே" என்று முணுமுணுத்தபடி கையை உள்ளே விட்டு டப்பியை எடுத்தார். அத்தா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

பேசியது தெரேசாதான். அவளும் என்னைப் போலவே அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவாள். "போட்டோ ரோலு அத்தா. ஈரம் பட்டா கேடாகும். மட்டாஞ்சேரியிலெ காஞ்ச இடம் அத்தாவோட மொளகு மாத்திரம்னு சுபைதா சொன்னா. அதான் வெச்சோம். ஈரம்னு சொன்னது பொய்."

நாயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பும் தும்மலுமாக வள்ளம் ஆடியது. "ராவுத்தரே, இதுக்கு மேலெ என்ன சாட்சி வேணும்? எண்பதும் நான் எடுத்தாச்சு. வள்ளத்தை விடுங்கோ!"

அத்தா சிரிக்கவில்லை. டப்பியைத் தெரேசாவின் கையில் கொடுத்தார். என்னைக் குடோன் மூலைக்குக் கூட்டிப் போனார். அடிப்பார் என்று நினைத்தேன். குரல்கூட உயரவில்லை.

"போட்டோ விசயம் அப்புறம். எம் மொளகுக்கு ஈரம்னு நாலு பேர் முன்னாடி எப்படிப் புள்ளே உனக்குச் சொல்ல வந்துச்சு?"

நான் அழுதேன். அடித்திருந்தால் இவ்வளவு அழுதிருக்கமாட்டேன்.

"நாளைக்குப் படகுக்குப் போக வேண்டா" என்றார்.

இது ஆரு நெழல்?

ஒரு வாரம் வீட்டில் கிடந்தேன். காலைப் படகின் மணி கேட்கும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்ப்பார். நான் வெங்காயத்தைப் பார்ப்பேன். கல்லூரி அவ்வளவுதான் என்று முடிவு கட்டி, புத்தகங்களின் கிழிந்த அட்டையை ஒட்டக்கூட மனமில்லாமல் இருந்தேன்.

எட்டாம் நாள் தெரேசா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை; நேரே குடோனுக்குப் போய் அத்தாவின் மேஜையில் ஒரு படத்தை வைத்துவிட்டாள். என்னைக் கூப்பிட ஆள் வந்தது. போனேன்.

அத்தா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளி வைத்து, மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கெ?"

"மெட்ராஸ்ல, அத்தா. ஒரு கடை வாசல்."

"நம்ம மூட்டை."

"ஆமா."

"மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு, அங்கெயும் இந்த மூட்டையத்தான் எடுத்தியா?"

"ஆளுக்கு ஒண்ணுதான் அத்தா. என்னோடது இது."

நான் மூச்சை இழுத்து, இத்தனை நாள் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "அந்தக் கடைக்காரர் சொன்னாரு, வாத்து மார்க்க கண்ண மூடிட்டு வாங்கலாமாம். ஈரம்னா என்னன்னே தெரியாதாம் அதுக்கு."

அத்தா தலையைக் குனிந்துகொண்டார். மேஜையில் கிடந்த இரண்டு மிளகை எடுத்து விரலில் உருட்டினார். நான் அந்த வார்த்தையைக் காதால் கேட்டுவிட்டு வந்தும் அப்படி ஒரு பொய்யைச் சொன்னேனே என்று இருவருக்குமே தோன்றியிருக்கும். பிறகு அவர் விரல் படத்தின் கீழ்ப்பக்கம் போய் நின்றது. மூட்டைக்கு முன்னால், தரையில், நீளமாக ஒரு நிழல். தலையில் முக்காடு. வயிற்றோடு அணைத்த பெட்டி.

"இது ஆரு நெழல்?"

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று சொன்ன தெரேசாவின் அண்ணனை மனதுக்குள் சபித்தேன். "என்னோடது."

"போட்டோவுக்கு நிக்கப்படாதுன்னு சொன்னேன்."

"நிக்கல அத்தா. அதுவா விழுந்துருச்சு."

அத்தாவின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றே பயந்தேன். சிரிப்பு! மம்மது காக்கா வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலைப் படகுக்குப் போ. ஒரு வாரப் பாடம் போச்சு" என்றார்.

படத்துக்குச் சட்டம் போட்டுக் குடோனில் தன் மேஜைக்கு மேலே மாட்டினார். வருகிற வியாபாரி ஒவ்வொருவரிடமும், "மெட்ராஸ்ல நம்ம மார்க்கு" என்று காட்டுவார். பெண்ணின் படத்தை எவன் கண்ணிலும் காட்டமாட்டேன் என்றவர், மூன்று வருடம் பஜார் முழுக்கக் காட்டினார். தரையை யாரும் பார்க்கவில்லை.

படிப்பு முடிந்த வருடம் ஆலுவாயிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். போட்டோ இருந்தால் கொடுங்கள், பையனுக்குக் காட்ட வேண்டும் என்றார் பையனின் தகப்பனார். பெரியப்பா அத்தாவைப் பார்த்தார். அம்மா கதவுக்குப் பின்னால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அத்தா எழுந்து குடோனுக்குப் போய், சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார்.

"இதுல இருக்கா எம் பொண்ணு. நல்லாப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருங்க."

அத்தாவின் கையால் வெளியே போன என்னுடைய ஒரே படம் அதுதான். அது திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து நான்தான் அது இருந்த வீட்டுக்குப் போனேன். மாலையும் கழுத்துமாகக் கூடத்துக்குள் நுழைந்தபோது, எதிர்ச் சுவரில் புது ஆணியில் வாத்து உட்கார்ந்திருந்தது.